கோட்டையில் உலை வைத்தது யார்?

"சார், திப்பு சுல்தான் படை நம்ம மலைக்கோட்டையில இருந்துச்சுல்ல, அம்புட்டுப் பேருக்கும் சோறு யாரு பொங்குனது?"

சௌகத் அலி எழுந்து நின்று கேட்டதும் பத்தாம் வகுப்பே சிரித்தது. சரித்திர ஆசிரியர் கண்ணுசாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாடப் புத்தகத்தில் பீரங்கி இருந்தது, உடன்படிக்கை இருந்தது, சோறு இல்லை.

"இது நீயாக் கேக்குறியா, யாராச்சும் சொல்லிவிட்டாங்களா?"

"வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார்."

வாராவாரம் இப்படித்தான். மழை பெய்தால் பாறை மேல் அடுப்பு எப்படி எரிந்தது? கோட்டையை வெள்ளைக்காரன் பிடித்தபோது உள்ளே இருந்த நெல் யாருக்குப் போனது? ஐம்பத்தேழில் திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து பையன்கள் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, 'இது பரீட்சைக்கு வருமா சார்?' என்பதுதான். இந்த வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் தேடி அவர் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கோட்டைக்கே ஏறினார். கிடங்கையும் சுனையையும் பார்த்துவிட்டு வந்து பாடம் சொன்னார். வகுப்பில் தூங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

கேட்பது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடும் பிரம்மச்சாரி அவர். அடுப்பையும் உலையையும் பற்றி இவ்வளவு கவலைப்பட ஒரு பெண்ணால்தான் முடியும் என்று முடிவு கட்டிவிட்டார். சௌகத்துக்கு அக்கா ஒருத்தி இருக்க வேண்டும். படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள்.

பையனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே சக ஆசிரியர் நூர் முகமது சொல்லி வைத்திருந்தார்: "எங்காளுக வீட்டுக்குத் தாராளமாப் போங்க. வீட்டுப் பொம்பளப் புள்ளைகளப் பத்தி மட்டும் நீங்களா வாயத் தொறந்துறாதீங்க." வடமதுரைப் பக்கத்தில் ஏர் பிடிக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளையான கண்ணுசாமி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுத விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. இப்படி ஒரு மூளை அடுப்படியிலேயே கருகிப் போவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் சௌகத் வீடு இருக்கும் பேகம்பூருக்கு நடந்தார்.

வாசலில் பெரிய பெரிய செம்பு அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சௌகத்தின் அத்தா அப்துல் ஜப்பார் வாட்டசாட்டமான ஆள்; சாதாரணமாகப் பேசினாலே அதட்டுவது போலிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கண்ணுசாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பய எதும் சேட்டை பண்ணிட்டானா சார்?"

"அதெல்லாம் இல்ல பாய். உங்க வீட்டுல இருந்து வகுப்புக்குக் கேள்வி வருதே, அது விசயமா வந்தேன்."

ஜப்பாரின் முகம் சுண்டிப்போனது. "தப்பாப் போச்சா சார்? இனிமே வராது."

"வரணும் பாய். இப்படிக் கேக்குற ஆளு எட்டாவது பரீட்சை எழுதணும். பள்ளிக்கூடத்துக்கே வர வேண்டாம், பாடத்த நான் சௌகத்துகிட்டக் குடுத்து விடுறேன்."

"அது சரிப்படாது சார். அஞ்சாவதோட நின்ன படிப்பு. இனிமேப் போயி பரீட்சைன்னா ஊரு சிரிக்கும்."

"ஊரு ரெண்டு நாள் சிரிக்கும், அப்புறம் வேற சோலியப் பாக்கப் போயிரும்."

"வேலைய யாரு பாக்குறது? விடியக்காலம் அடுப்பப் பத்தவச்சா எறக்கி வைக்க மத்தியானம் ஆகிப்போகும்."

கண்ணுசாமி எதிர்பார்த்து வந்த பதில்தான். இருந்தாலும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காலம் பூரா அடுப்புதான்னு யாரு பாய் எழுதி வச்சது? வகுப்புல நாப்பது பேரு இருக்கானுக. ஒருத்தனுக்கும் அந்தக் கேள்வி தோணல. வாத்தியாரு, எனக்கே தோணல. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

 ஜப்பாருக்குக் கண் கலங்கியது. கல்லும் கரைந்துவிட்டது என்று கண்ணுசாமி உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

"பாஸாகுமா சார்?"

"அதுக்கு நான் பொறுப்பு."

"அப்பச் சரி. பேரக் குடுத்துருங்க."

கண்ணுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. நூர் முகமது சொன்னதெல்லாம் மறந்துபோய், பேனாவைத் திறந்துகொண்டு திரைப் பக்கம் திரும்பியே கேட்டுவிட்டார்.

"பொண்ணு பேரு என்ன பாய்?"

"பொண்ணா? எனக்கு மூணும் பயலுகதான் சார்," என்றார் ஜப்பார். திரைக்குப் பின்னால் அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது.

ஜப்பார் வெட்கத்தோடு தாடியைத் தடவிக்கொண்டார். "ஊருக் கல்யாணத்துக்கெல்லாம் சோறு பொங்குறவனுக்குக் கேள்வியும் சோத்தப் பத்தித்தானே சார் வரும்? அப்துல் ஜப்பார்னே எழுதிக்கங்க."