வாத்தின் காலில் ஒரு விலாசம்

கட்டிங் பிளேயரின் வாய்க்குள் வளையம் சரியாக உட்கார்ந்துவிட்டது.

அழுத்தவேண்டியதுதான் பாக்கி.

அவர் அழுத்தவில்லை.

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், எச்சில் இலைத் தொட்டிக்கு அருகே குத்தவைத்திருந்தார். மடியில் செத்த வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஒரு இறக்கை இருந்தது. இன்னொன்றைக் காற்றாலை வாங்கிக்கொண்டது.

உள்ளே கருத்துக் கேட்புக் கூட்டம். குளத்தங்கரையில் புதிதாகக் காற்றாலைகள் நடலாமா, கூடாதா. இன்றோடு முடிவு.

அவருக்குக் காற்றாலைமேல் ஒரு கோபமும் இல்லை. வீட்டு மின்விசிறி அந்தக் காற்றில்தான் சுற்றுகிறது என்று பெருமையடித்துக்கொள்கிற ஆள். புகை இல்லை, கரி இல்லை. மலையடிவாரம் பூராவும் நட்டுக்கொள்ளட்டும். பறவை இறங்கும் கரையை மட்டும் விட்டுவிடட்டும்.

இதைப் போன கூட்டத்திலேயே சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். காற்றாலைக்கு அடியில் கிடந்த ஒரு காடையை வேறு தூக்கிக் காட்டினார்.

அதன் காலில் வெள்ளி நிறத்தில் ஒரு வளையம்.

காற்றாலைக் கம்பெனி மேலாளர் எழுந்து வந்து, புதுப்பெண்ணின் மெட்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். செத்த பறவைகளைத் தேடும் ஆட்களுக்குக் கண் தெரிகிறதா என்று சோதிக்க, கம்பெனியே கறிக்கடையில் வாங்கி, அடையாளத்துக்கு வளையம் மாட்டி, போட்டுவைத்த காடையாம்.

மண்டபம் சிரித்தது. நாற்காலிகள் சிரித்தன. மணமேடைப் பிள்ளையார் தும்பிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அவர் காடையண்ணாச்சி. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “காடைக்கு டிக்கெட் கிடையாது” என்கிறான். சொந்த மருமகளே அவர் தட்டில் முட்டையை வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

இன்று காலை, குளத்துப் பக்கம் ஏற்கெனவே நிற்கும் ஒற்றைக் காற்றாலைக்கு அடியில் இந்த வாத்து.

இதன் காலிலும் வளையம். அதே வெள்ளி நிறம்.

ஆனால் இதில் எழுத்து இருந்தது. ஏதோ பனிதேசத்து ஊர்ப்பெயர். கூடவே ஒரு எண்.

ஓய்வுபெறும்வரை தபால்காரர் அவர். விலாசம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இமயமலையைத் தாண்டி வந்திருக்கிறது, ஸ்டாம்புகூட ஒட்டாமல்.

அடைமழையில் தான் நனைந்து தபாலை நனையவிடாமல் கொண்டுபோனவர். ஒரு விலாசம்கூட அவர் கையில் அழிந்ததில்லை.

ஆனால், உள்ளே யார் எழுத்தைப் படிக்கப்போகிறார்கள்? வளையத்தைப் பார்த்தால் போதும். பிள்ளையார் மறுபடியும் தும்பிக்கையைத் தூக்குவார்.

அழுத்தினார்.

டக்.

வளையம் ஜிப்பாப் பைக்குள் போனது. மைக்செட் இசக்கித்துரையிடம் இரவல் வாங்கிய கட்டிங் பிளேயரும் அதே பைக்குள்.

உள்ளே போய், கூட்டம் நடத்தும் அதிகாரியின் மேசைமேல் வாத்தைக் கிடத்தினார்.

“காடை வளந்துட்டுது டோய்!” என்றது பின்வரிசை.

மேலாளர் முதலில் காலைத்தான் தூக்கிப் பார்த்தார். இந்தக் கால். அந்தக் கால். மறுபடியும் இந்தக் கால்.

ஒன்றும் இல்லை.

அண்ணாச்சிக்கு நெஞ்சு ஜிப்பாவை மீறி விரிந்தது.

“வீட்டு வாத்து மேடம்” என்றார் மேலாளர். “நாய் கடிச்சிருக்கு.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயசுப் பெண். இதுவரை ஒருதரம்கூடச் சிரிக்காதவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

“ஐயா, வெளிநாட்டுலேர்ந்து வர்ற பறவைன்னா சிலதுக்குக் கால்ல வளையம் போட்டிருப்பாங்க. இதுக்கு அப்படி எதுவும் இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க. கரையோர வேலையை இன்னைக்கே நிறுத்திவைக்கிறேன்.”

பரிவாகத்தான் கேட்டார்.

அண்ணாச்சியின் கை பைக்குள் போனது.

வளையத்தில் வெட்டுப்பட்ட இடம் இன்னும் புதுசாகப் பளபளக்கும். மேலாளர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையோரத்திலிருந்து இசக்கித்துரை மைக்கிலேயே கேட்டான். மண்டபத்துக்கே கேட்டது.

“அண்ணாச்சி, நம்ம கட்டிங் பிளேயரைத் தாங்க. எதையோ வெட்டணும்னு வாங்கிட்டுப் போனீங்களே.”

பைக்குள் விரலில் முதலில் பட்டது வளையம்.

அதை ஒதுக்கிவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடுத்தார்.