பதில் வணக்கம்

நாற்பத்தொரு வயதில் ஜப்பானிய மொழியின் இடைநிலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஞானசேகரனுக்கு, ஆலை மேலாளர் மொரிட்டா பேசினால் பாதிதான் பிடிபடும். மீதியைத் தலையாட்டியே சமாளித்துவிடுவான். அன்று பிரஸ் மெஷினில் குணசீலனின் கை மணிக்கட்டுவரை நசுங்கிப்போனபோதுதான், முதன்முறையாக மொரிட்டாவின் ஒரு முழு வாக்கியம், மனசுக்குள் தமிழாக்காமலே, நேராக உள்ளே இறங்கியது. "ரத்தத்தைத் துடைத்துவிட்டு இரண்டு மணிக்குள் மெஷினை ஓட்டச் சொல்."

"என்னண்ணே சொல்றாரு? ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டாரா?" என்று ஞானசேகரனைப் பார்த்துக் கத்தினான், அடிபட்ட அண்ணனைத் தாங்கிப் பிடித்திருந்த குணசீலனின் தம்பி. கையில் சுற்றிய துண்டு ஊறித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஞானசேகரன் மெஷின்மேல் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மொரிட்டாவின் எதிரே போய் நின்றான். நின்றதுதான் தாமதம், நான்கு வருடம் வகுப்பில் பழகிய முதுகு தானாகவே வளைந்து வணங்கியது. கம்பி கண்ணில் பட்டதோ இல்லையோ, மொரிட்டாவும் கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துப் பதிலுக்குக் குனிந்தார்.

பெரியவர் நிமிரும்வரை சிறியவர் நிமிரக் கூடாது என்பது வகுப்பின் முதல் பாடம். ஞானசேகரன் முதலில் நிமிர்ந்தான். ஒட்ட வெட்டிய முடிக்குக் கீழே, மொரிட்டாவின் வெளுத்த பிடரி அவன் இடுப்பு உயரத்தில் இருந்தது.