கல்யாணத் தவளையின் முகம்

முதல் மழைக்குக் கல்யாணம் என்று நிச்சயமான தவளைக்குத் தன் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. எந்நேரமும் பிசுபிசுவென்று ஈரம். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானிடம் போய் நின்றது.

"உங்க தோல் மட்டும் எப்படிக்கா இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"சுடுமணலைப் பூசிக்கிட்டு பாறையில படுப்பேன். எனக்கு அதுதான் ஒத்துக்குது."

தவளையும் பூசிக்கொண்டு படுத்தது. கொஞ்ச நேரத்தில் தோல் இழுத்துப் பிடித்தது.

"எரியுதுக்கா."

"முதல்ல அப்படித்தான் எரியும். பொறுத்துக்கோ."

தவளை பொறுத்துக்கொண்டது. பிறகு பேசவே இல்லை.

சாயங்காலம் அதைத் தேடிக்கொண்டு இரண்டு தங்கைகள் வந்தன.

"ஐயோ, அக்காவுக்கு மூச்சே இல்லடி!" என்று அழுதது சின்னது.

பெரியது குனிந்து, செத்த கன்னத்தை மெல்லத் தடவிப் பார்த்தது.

"பிசுக்கும் இல்ல, பாரு," என்றது. பிறகு ஓணானிடம் திரும்பியது. "அக்கா, எனக்கும் ஒரு பிடி மணல் தாங்க."