பெயிண்ட் நாற்றம்

வேலை முடிந்து வந்த மருமகள் கதவைத் திறந்ததுமே நாற்றம் மூக்கைத் துளைத்தது. எல்லாம் குளிர்காய வாங்கிய அந்தப் புது இரும்பு விறகு அடுப்பின் கைங்கரியம்.

"முதல் மூணு தடவை பெயிண்ட் சூடேறி நாறத்தான் செய்யும், பயந்துடாதீங்க. ஜன்னலை மட்டும் நல்லாத் திறந்து வைங்க" என்று அதைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரர் சொல்லியிருந்தார். இது மூன்றாவது தடவை. கணவன் பற்றவைத்துவிட்டு எங்கேயோ போயிருக்கிறான் போல.

ஜன்னல்களை அகலத் திறந்தாள்.

"தொண்டை எரியுதும்மா!" மாடி அறையிலிருந்து மாமியார் இருமினார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் அத்தை, பல்லைக் கடிச்சுக்கோங்க!"

"நேத்தும் இதையேதான் சொன்ன. ஜன்னலைத் திறந்து போட்டா எனக்குக் குளிராதா? மத்தியானத்திலிருந்தே அந்தப் பழைய ஹீட்டரைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

எதற்கெடுத்தாலும் ஒரு குறை! முணுமுணுத்தபடி மருமகள் டீ போடப் போனாள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. அப்பாடா, ஒருவழியாகக் கண்ணயர்ந்தாச்சு.

கணவன் விறகுக் கட்டோடு உள்ளே வந்தான். மூக்கைச் சுளித்தான்.

"நான் வர்றதுக்குள்ள என்ன அவசரம்? வீட்ல ஒரு சுள்ளிகூட இல்லையே, எதை வச்சுப் பத்தவச்ச?"

"நானா? நீங்கதானே..."

ஓடிப்போய் அடுப்பைத் தொட்டாள்.

ஜில்லென்று இருந்தது.