காலி டப்பாவில் ஒரு சீட்டு

“உப்பு அரை ஸ்பூன் குறைவு. பருப்பு இன்னும் வேக வேண்டும். காரம் பரவாயில்லை.”

நாலாவது மாடியிலிருந்து திரும்பி வந்த காலி டப்பாவுக்குள் இன்றைக்கும் சீட்டு. டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டப்பாவை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, எழுதியிருக்கிறதைப் பாரு. இந்த ஆளுக்கெல்லாம் சமைச்சுப் போடணும்னு நமக்குத் தலையெழுத்து.”

“குடுங்க இப்படி,” என்று மனைவி வாங்கிப் படித்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கம் இருந்த ஆணியில் குத்தி வைத்தாள். அதில் ஏற்கெனவே முப்பது சீட்டாவது இருக்கும்.

தொற்று வந்து சுற்றுலா நின்றதிலிருந்து அவன் ஓட்டிய பஸ் ஷெட்டில் தூங்கியது. முதலாளி கையை விரித்துவிட்டார். போதாக்குறைக்குக் காய்ச்சல் வேறு இருவரையும் படுக்கப்போட்டு எடுத்தது. எழுந்த கையோடு அவள் சொன்னாள். “நான் சமைக்கிறேன், நீங்க கொண்டுபோய்க் குடுங்க. யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்.”

அவர்கள் கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் குடியிருப்பிலேயே பத்தொன்பது வீட்டுக்கு மதியச் சாப்பாடு. அந்தப் பத்தொன்பது டப்பாவில்தான் வாடகை முதல் மாத்திரை வரை எல்லாம் ஓடியது.

பதினெட்டு வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். “சூப்பர்”, “அருமை” தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை. நாலாவது மாடிக்காரர் ஒருத்தர்தான் இப்படி. ரிடையர் ஆனவர், தனிக்கட்டை. லிஃப்ட் சரியில்லை, தண்ணீர் சரியில்லை, வாட்ச்மேன் கோலம் சரியில்லை என்று எதிலும் நொட்டை சொல்கிறவர். டிரைவர் அவருக்கு உப்பு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தான்.

அவனும் ஒரு நாள் குறை சொன்னதில்லை. முதல் கவளத்திலேயே “பிரமாதம்” என்றுவிடுவான். சில நாள் சப்பென்றுதான் இருக்கும். விடிந்ததிலிருந்து அடுப்படியில் கிடந்து வேகிறவளிடம் அதைச் சொல்ல மனசு வருமா?

அந்தத் திங்கட்கிழமை அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மாடிப்படியிலேயே டப்பாவைத் திறந்து சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

“இன்னிக்குச் சீட்டு வரலையா?” என்றாள் அவள்.

“இல்ல. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கலபோல.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. செவ்வாயிலிருந்து சனி வரை அப்படியே செய்தான். அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு கொஞ்சம் கரித்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, “பிரமாதம்” என்றான்.

வெள்ளிக்கிழமை ஆறு வீட்டில் டப்பா வேண்டாம் என்றார்கள். “கொஞ்ச நாள் நாங்களே சமைச்சுக்கிறோங்க,” என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். சனிக்கிழமை இன்னும் மூன்று வீடு கழன்றுகொண்டது.

“பத்து டப்பாவை வச்சுக்கிட்டு என்னங்க செய்யறது? என்ன தப்பு நடந்துச்சுன்னே புரியலையே,” என்று அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் மனைவி.

டிரைவருக்குப் புரிந்தது. எழுதிப் பலிக்காததால் இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போய் வத்தி வைத்துவிட்டார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நாலு மாடியும் ஏறினான்.

“சார், நாளையிலேருந்து உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. ஒன்பது பேருக்குச் சமைச்சாலும் மானத்தோட சமைச்சுக்கிறோம். அடுத்தவன் பிழைப்புல மண்ணள்ளிப் போடறவங்களுக்கு எங்க அடுப்பு எரிய வேண்டாம்.”

அவர் நிதானமாக முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

“நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலப்பா. சொல்ல வேண்டியதை உங்க வீட்டுக்குத்தான் எழுதி அனுப்பறேன். ஆமா, அந்தப் பொண்ணுக்கு நாக்கு சரியாயிடுச்சா இல்லையா?”

“நாக்கா?”

“அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் உப்பு, உறைப்பு, வாசனை ஒண்ணுமே தெரியலன்னு என்கிட்ட வந்து சொல்லுச்சே. இந்த பில்டிங்ல மூஞ்சிக்கு நேரா குறை சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான், தினமும் சாப்பிட்டுப் பார்த்து எழுதுங்க சார்னு கேட்டுச்சு. இந்த வாரம் பூரா உப்பு கரிக்குது. நானும் எழுதிக்கிட்டே இருக்கேன். படிக்குதா இல்லையா?”

டிரைவர் கீழே வந்து, ஒளித்து வைத்திருந்த கசங்கிய சீட்டுகளை மனைவிக்கு முன்னால் வைத்தான்.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். ‘உப்பு அதிகம்.’ ‘இன்றும் அதிகம்.’ ‘அம்மா, தயவுசெய்து கவனியுங்கள்.’

“போன ஞாயித்துக்கிழமை நீங்க கல் உப்புக்குப் பதிலா தூள் உப்பு வாங்கிட்டு வந்தீங்கல்ல, அதே ஸ்பூன் அளவுல போட்டுட்டேன், அதான்,” என்றாள். சீட்டுகளை நீவி ஆணியில் குத்தினாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். “நாளைக்கு அந்த ஒன்பது வீட்டுக்கும் சும்மா ஒரு டப்பா கொண்டுபோய்க் குடுங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லட்டும். மேல இருக்கிறவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே குடுத்துடுங்க.”

அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

“பக்கத்துல உக்காந்து தினமும் அதே சாப்பாட்டைத்தானே நானும் சாப்பிடறேன்? என்னை விட்டுட்டு நாலு மாடிக்கு மேல இருக்கிற ஆளைப் போய்க் கேட்டிருக்கியே.”

அவள் பருப்பைக் கழுவியபடியே சொன்னாள்.

“டப்பா குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் உங்களைத்தாங்க முதல்ல கேட்டேன், உப்பு சரியா இருக்கான்னு. பிரமாதம்னு சொன்னீங்க. அன்னிக்கு நான் வேணும்னே உப்பே போடல.”