பாலத்துக்கு வைத்த பேர்

"என் வீட்டுக்காரர் பேரை அந்தப் பாலத்துக்கு வைக்க வேண்டாம்."

வக்கீலம்மா இப்படி ஒரே போடாகப் போடுவார் என்று வந்திருந்த இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

நகராட்சித் தலைவர் வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், அந்த அம்மாவின் கணவரான வக்கீலிடம் பதினைந்து வருஷம் ஜூனியராக இருந்தவர். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"அம்மா, தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருக்கு" என்றார் தலைவர். "எங்க மன்றத்துல, கூட்டத்தை முடிச்சுக்கலாமான்னு கேட்டாக்கூட எதிர்க்க நாலு பேர் இருப்பாங்க. அவங்களே முதல்ல கையைத் தூக்கினாங்கன்னா பார்த்துக்குங்களேன்!"

"பேப்பர்ல படிச்சேன். அதான் இப்பவே சொல்லிடறேன். வேண்டாம்."

வக்கீல் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் வேண்டும் என்று பதினெட்டு வருஷம் அலைந்தவர். எத்தனை வாய்தா, எத்தனை நீதிபதிகள்! ஒருவழியாகப் பாலம் எழும்பி, கைப்பிடிக்குப் பெயின்ட் அடிக்கிற நேரத்தில் மனிதர் கண்ணை மூடிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"பள்ளிக்கூட மைதானத்தை வளைச்சுப் போட்டவன்கிட்டேருந்து மீட்டுக் கொடுத்தது யாரு?" தலைவர் விடவில்லை. "இன்னிக்கு என் பேரன் அங்கதான் பந்து விளையாடறான். நீதிபதி பதவி வீடு தேடி வந்தப்போ, 'இந்த ஊர் சாக்கடைக் கேஸே இன்னும் முடியலை, என்னை விடுங்க'ன்னாராமே!"

"ஆமா. அப்படித்தான் சொன்னார்."

"சனிக்கிழமையானா நூலக வராந்தாவுல பெஞ்சு போட்டு உட்கார்ந்துடுவார்" என்றார் ஜூனியர். "வர்றவங்க அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். ஒருநாள் நூறு டிகிரிக்கு மேல காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கிட்டு வந்து எழுதினார். நான் கண்ணால பார்த்தேம்மா."

"நானும் பார்த்தேன் தம்பி. போர்வையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

"அப்புறம் ஏம்மா?"

வக்கீலம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனியருக்குப் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. வீட்டை விட்டுட்டு ஊரைப் பார்த்தார்னு உங்களுக்கு மனக்குறை இருக்கும். பொண்ணு பட்டம் வாங்கின அன்னிக்குக்கூட வாய்தா இருக்குன்னு கோர்ட்டுக்கு வந்துட்டார். அதுக்காக ஊர் செய்யற மரியாதையைத் தடுக்கறது நியாயமா?"

தலைவர் ஜூனியரின் தொடையில் கிள்ளினார்.

வக்கீலம்மா கோபப்படவில்லை. "குறை இருந்துது தம்பி. இல்லைன்னா பொய். ஆனா இது அதுக்காக இல்லை."

எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து ஓர் உறையைத் தலைவர் கையில் கொடுத்தார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எழுதினது. நகராட்சிக்குத்தான்."

கோணல்மாணலான எழுத்து. தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'பாலத்துக்கு யார் பேரையாவது வைப்பதாக இருந்தால், கீழே உள்ள பேரை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே ஒரு பெண்ணின் பேர்.

"யாரும்மா இது? உங்க சொந்தக்காரங்களா?"

ஜூனியர் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்! கேஸ் கட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு. தையல்காரம்மா. தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் அடிச்சு செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் சார் பாலத்துக்காகக் கேஸே போட்டார்." அவர் கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "பார்த்தீங்களா, தன் பேர் வேண்டாம், அந்த ஏழை பேர் நிக்கட்டும்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார்!"

"அடடா, என்ன மனுஷன்!" தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டோமேம்மா. இதை நானே மேடையில படிக்கிறேன். ஊரே கை தட்டும்."

"படிங்க. ஆனா முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் படிங்க."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அந்தக் காலத்துல அவர் கம்பெனிகளுக்கு மட்டும்தான் வக்கீல். ஊரு, தெரு எதுவும் கண்ணுல படாது. அப்போ ஒரு மனுவை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு இந்த வாசலுக்கு வந்தா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற முந்நூறு பேர்கிட்டப் போய்ப் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தா. 'பாலம் வேணும், கோர்ட்டுக்குப் போக வழி சொல்லுங்க ஐயா'ன்னு கேட்டா. ஒரு தடவை இல்லை, மூணு தடவை."

ஜூனியர் திகைத்தார். "சார் இதை என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"யார்கிட்டயும் சொல்லலை. யார் யாருக்காகவோ வாதாடின மனுஷனுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரலை. கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஊர் என்னைப் பெருசாப் பேச ஆரம்பிக்கும். அதுக்கு முந்தி நீ சொல்லிடு'ன்னார்."

"எதைம்மா?"

வக்கீலம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"மூணாவது தடவை வந்தப்போ மனுவைக் கையில வாங்கிக்கூடப் பார்க்கலை. 'இப்போ நேரமில்லை, நாளைக்கு வாம்மா'ன்னு அனுப்பிட்டார். இங்கேருந்து திரும்பிப் போகும்போதுதான் அவ தண்டவாளத்தைத் தாண்டினா."