விரிசலை முதலில் பார்த்தவர்

மேடையில் குமரவேலுக்குச் சால்வை போர்த்தினார்கள். அரங்கம் அதிரக் கைதட்டல்.

செங்குட்டுவன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தட்டுங்களேன். எல்லாரும் பாக்கறாங்க" என்று கிசுகிசுத்தாள் மனைவி செந்தாமரை.

"எதுக்குத் தட்டணும்? என் இலைச் சோத்தை எவனோ சாப்பிடுவான், நான் ஏப்பம் விடணுமா?"

அவர் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது.

சுரங்கத்தில் வெட்டி இறக்கிய சரிவுகள் உறுதியாக நிற்கின்றனவா, சரியப் பார்க்கின்றனவா என்று கண்காணிப்பதுதான் இருவருக்கும் வேலை. அந்த வேலையிலேயே செங்குட்டுவனுக்குத் தலை நரைத்துவிட்டது. குமரவேல் முந்தாநாள் வந்தவன்.

போன மாதம் மணற்பாறைச் சரிவின் உச்சியில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் பார்த்தவர் செங்குட்டுவன். இரண்டு பக்கமும் முளை அடித்து, தினமும் டேப் பிடித்து அளந்தவரும் அவரேதான். ஒரு நாள் காலை அளந்தவர், டேப்பைச் சுருட்டாமலே குமரவேலைக் கூப்பிட்டார்.

"குமரவேலு, விரிசல் அகலமாவறது பெரிசில்ல. நேத்தைவிட இன்னிக்கு வேகமா அகலமாவுது பாரு, அதான் ஆபத்து. சரிவு நகர்றதைப் பாக்கற ராடாரும் அதையேதான் சொல்லுது. இது நிக்காது."

"அப்போ உடனே சொல்லிடலாம்ண்ணே. கீழ மண்ணு வெட்டற மிஷின் ஓடிக்கிட்டிருக்கு."

செங்குட்டுவன் தயங்கினார். போன மழைக்காலத்தில் இப்படித்தான் ஒரு சரிவு விழப்போகிறது என்று சொல்லி, அந்த ராட்சத மிஷினை ஒரு ஷிப்ட் முழுக்க நிறுத்த வைத்தார். மழை விட்டது, விரிசலும் நின்றுவிட்டது. அந்தச் சரிவு இன்றுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருக்கிறது. அவருக்கு மெமோ வந்ததுதான் மிச்சம். கேண்டீனில் 'புலி வருது' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் இரு. இன்னொரு தரம் அளந்து பார்த்துட்டு வந்துடறேன்."

அளந்துவிட்டு நிமிர்ந்தால், கீழே மிஷின் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் திமுதிமுவென்று மேலேறி வந்தார்கள்.

"யாருய்யா நிறுத்தச் சொன்னது?"

"குமரவேல் சாருங்க. வயர்லெஸ்ல தன் பேரைச் சொல்லித்தான் எல்லாரையும் ஏறி வரச் சொன்னாரு."

சாயங்காலம் சரிவு விழுந்தது. மிஷின் நின்றிருந்த இடத்தில் மண்மலை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதிலிருந்து டவுன்ஷிப்பில் எங்கே திரும்பினாலும் குமரவேல் பேச்சுதான். பால் பூத்தில் குமரவேல். மந்தாரக்குப்பம் டீக்கடையில் குமரவேல். அன்றைக்குக் கீழே வேலை பார்த்த ஓர் ஆபரேட்டரின் மனைவி, பஸ் ஸ்டாப்பில் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுததைச் செங்குட்டுவன் தன் கண்ணாலேயே பார்த்தார். அவள் பிடித்திருக்க வேண்டியது தன் கையை அல்லவா! அன்றிரவு சோறு இறங்கவில்லை.

குமரவேல் அவரைத் தேடித் தேடி வந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்..."

"எனக்கு வேலை கெடக்கு."

குவார்ட்டர்ஸுக்கே வந்தான். "தூங்கறேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்தபடியே மனைவியை விட்டு அனுப்பிவிட்டார்.

இப்போது, சால்வையோடு மைக் முன்னால் வந்து நின்றான் அவன்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்த விரிசல்..."

செங்குட்டுவன் விருட்டென்று எழுந்து மனைவி பக்கம் குனிந்தார்.

"திருடறதையும் திருடிட்டு, அதுக்குப் பேச்சு வேற. நீ உக்காந்து கேட்டுட்டு வா."

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் காற்றிலும் உடம்பு எரிந்தது. செந்தாமரை மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"இன்னாங்க, இப்படிப் பண்ணிட்டீங்க! 'அந்த விரிசலைக் கண்டுபுடிச்சது நானில்ல, செங்குட்டுவன் அண்ணன்தான், மேடைக்கு வாங்கண்ணே'ன்னு அவரு கூப்புட்றாருங்க. மொத்த ஹாலும் திரும்பிப் பாக்குது. பக்கத்துல காலி நாற்காலியை வெச்சிகினு நான் முழிக்கிறேன்."

செங்குட்டுவன் ஒரு கணம் திகைத்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊரெல்லாம் பேர் வாங்கினப்புறம் எனக்குப் பிச்சை போடறானா? அவ்வளவு யோக்கியன் அன்னிக்கே வயர்லெஸ்ல என் பேரைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"அவரு ஏன் சொல்லலைன்னும் உங்க மேலதிகாரி ராஜேந்திரன் சார் மைக்குல சொல்லிட்டாருங்க."

"என்னன்னு?"

"இன்னொரு வாட்டி பொய்யாப் போச்சுன்னா உங்களை அந்த வேலையிலேயே வெச்சிருக்கக் கூடாதுன்னு மேல முடிவு பண்ணி வெச்சிருந்தாங்களாம். உங்களுக்குத் தெரியாதாம். குமரவேலுக்குத் தெரிஞ்சிருக்கு."

செங்குட்டுவன் எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

செந்தாமரை அவர் எதிரே வந்து நின்றாள்.

"'சரிவு விழலைன்னா பழி எனக்கு வரட்டும் சார், விழுந்துட்டா பேரு அண்ணனுக்குப் போகட்டும்'னு சார்கிட்ட சொல்லிட்டு, அப்புறந்தான் அன்னிக்கு அவரு வயர்லெஸ்ஸையே கையில எடுத்தாராம்ங்க!"